கைப்பிடி இல்லாத நாற்காலி

புது நாற்காலியின் முதுகில் கைப்பிடி இல்லை என்பதைத் தமயந்தி முதல் நாளே கவனித்துவிட்டாள். நாற்பத்தொரு வயதுக்குள் பதினேழு சக்கர நாற்காலிகளைத் தேய்த்து முடித்தவள் அவள். துருப்பிடித்தது, ஒரு சக்கரம் மட்டும் சுற்ற மறுத்தது, தானம் கொடுத்த புண்ணியவானின் பெயரைக் கொட்டை எழுத்தில் முதுகில் சுமந்து வந்தது என்று எத்தனையோ பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் பின்னால் இரண்டு கைப்பிடி இருக்கும். இதில் வழுவழுவென்று ஒரு பலகை மட்டும்தான்.

"பின்னாடி பிடியவே காணோமே தம்பி?" என்று வீட்டில் எல்லாவற்றையும் பொருத்திக்கொடுக்க வந்தவரிடம் கேட்டாள்.

"தள்ளுறதுக்கு இனிமே ஆளே வேணாமேக்கா. நீங்க வாயால சொன்னாப் போதும், அதுவே போகும்." அவர் ஏதோ நல்ல சேதி சொல்வதைப் போலத்தான் சொன்னார். தமயந்தியும் நல்ல சேதி கேட்டதைப் போலத்தான் சிரித்து வைத்தாள்.

உண்மையிலேயே நல்ல சேதிதான். தன்வழித் திட்டம் வந்த புதிதில் திண்டுக்கல்லில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. உடல் ஊனமுற்றவர்களை விடுதிகளில் அடைத்து வைப்பது இனிமேல் கிடையாது, ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு இயந்திரம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்த இயந்திரத்துக்குத் துணை என்று பெயர் வைத்திருந்தார்கள். தனியாக வாழ்வதற்குக் கொடுக்கும் சாமானுக்குத் துணை என்று பெயர் வைத்த மகராசன் யாரோ தெரியவில்லை, ஆனால் சாமான் அபாரம். தமயந்தியின் வீட்டுக் கூரையில் தண்டவாளம் பதித்திருந்தார்கள், அதில் இரண்டு இயந்திரக் கைகள் ஓடும். கட்டிலிலிருந்து அவளைத் தூக்கும், குளிப்பாட்டும், எட்டாத டப்பாவை எடுத்துக் கொடுக்கும். பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத உடம்பை அத்தனை பதமாகத் தூக்க மனிதர்களுக்கே வராது.

அதையெல்லாம் விடக் கதவுதான் அவளுக்குப் பெரிது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் வளர்ந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு ஒன்றைக்கூட அறியாதவள் அவள். விடுதியில் குளியலறைக்கும் கதவு கிடையாது, சாக்குத் திரைதான். முதல் நாள் எல்லாரும் போனதும் "கதவைச் சாத்து" என்று சொன்னாள். சாத்திக்கொண்டது. "திற" என்றாள். திறந்தது. இப்படிப் பதினைந்து தடவை செய்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகை.

இரண்டு கதவு தள்ளி, அதே நாலாவது மாடியில், லூர்துவுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். லூர்துமேரிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. விடுதியில் இருபத்தாறு வருஷம் இருவரும் ஜோடி. அந்த விடுதியில் அது ஒரு பழக்கம். வேலைக்கு ஆள் போதாது, அதனால் கால் இல்லாதவளுக்குக் கண் இல்லாதவளைச் சேர்த்துவிட்டுவிடுவார்கள். ஒருத்தி தள்ளுவாள், ஒருத்தி வழி சொல்லுவாள். காலையில் லூர்து தமயந்தியைத் தூக்கி நாற்காலியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துவிட்டாள் என்றால், பொழுது சாயும் வரை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உடம்புதான். "பள்ளம்." "கல்லு, இடப்பக்கம்." "படி ஒண்ணு." தமயந்தி சொல்லச் சொல்ல லூர்துவின் கால்கள் கேட்கும். லூர்து தலை பின்னிவிடுவாள். தமயந்தி அவளுக்குச் சேலை நிறம் சொல்லுவாள். பாதி நாள் பொய்யாகத்தான் சொல்லுவாள். சாணிப் பச்சையைக் கட்டிக்கொண்டு நிற்பவளிடம், "மயில் கழுத்து நிறம்டி, உன்னப் பாத்து ஊரே மயங்கப்போகுது" என்பாள். லூர்துவும் அது பொய் என்று தெரிந்தே நெளிவாள்.

புது வீட்டிலும் பழக்கம் விடுமா? இரண்டாம் நாள் காலையில் லூர்து சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். காதில் அரசாங்கம் கொடுத்த சின்னக் கருவி, எதிரே இருப்பதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"இது நொச்சு நொச்சுனு பேசிக்கிட்டே இருக்குடி. நிலைப்படி இருக்காம், நாற்காலி இருக்காம், நாற்காலியில பொம்பள இருக்காளாம். பொம்பளனு தெரியுது, தமானு தெரியலையே இதுக்கு" என்று சிரித்தாள்.

"நிலைப்படி தாண்டி மிதியடி கெடக்கு, பாத்து" என்றாள் தமயந்தி.

சுவரிலிருந்து துணையின் குரல் வந்தது. தேன் தடவிய பெண் குரல். "மனித உதவி பதிவு செய்யப்பட்டது."

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

லூர்து தலை பின்னிவிட்டாள். "மனித உதவி பதிவு செய்யப்பட்டது." தமயந்தி அவளுடைய தோசையில் இருந்த முடியை எடுத்துப் போட்டாள். "மனித உதவி பதிவு செய்யப்பட்டது." சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தமாக வேறு வாசித்தது. இன்றைய மனித உதவி, பத்தொன்பது. தொட்டுச் செய்தாலும் பதிவு, வாயால் சொன்னாலும் பதிவு. கொடுத்தவளுக்கும் பதிவு, வாங்கியவளுக்கும் பதிவு.

வேறு யாராக இருந்தாலும் அட போ என்று காதில் வாங்காமல் விட்டிருப்பார்கள். இவர்களால் அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் விடுதியில் சிவப்பு நோட்டு என்று ஒன்று இருந்தது. யார் எத்தனை தடவை கூப்பிட்டார்கள், யாரை எத்தனை தடவை தூக்க வேண்டியிருந்தது என்று வார்டன் அதில் கோடு கோடாகப் போட்டு வைப்பார். ஜோடிக்குள் முடித்துக்கொண்டால் கோடு இல்லை. வேலையாளைக் கூப்பிட்டால் கோடு. மாசக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாக வாசிப்பார். கோடு அதிகமானவர்களைப் பின்கட்டில் இருந்த படுக்கைக் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் மறுபடி எழுந்து உட்கார்ந்ததாக வரலாறு இல்லை. மூன்று வேளை ஊட்டிவிடுவார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எழுதுகிறார்கள் என்றாலே தண்டனைக்குத்தான் எழுதுகிறார்கள் என்று இருபத்தாறு வருஷம் படித்த பாடம் அவர்களுக்கு.

பொருத்திக்கொடுத்தவர் பதினோராம் நாள் ஒரு திருகாணியை முடுக்க வந்தபோது தமயந்தி அவரை மடக்கினாள்.

"தம்பி, இது எதுக்கு எங்க ஒத்தாசையெல்லாம் எழுதி வைக்குது?"

"ஆறு மாசம் கழிச்சு மேலேருந்து அதிகாரி வருவாங்கக்கா. அவங்க பாக்குறதுக்கு."

"நெறைய இருந்துச்சுன்னா?"

அவருக்கு அடுத்த வீட்டில் ஏழு வேலை காத்திருந்தது. திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே சொன்னார். "கம்மியா இருந்தா நல்லதுதானேக்கா."

அவ்வளவுதான். மனிதர் நினைத்துச் சொன்னதும் இல்லை, சொன்னதை நினைத்ததும் இல்லை. தமயந்தி சுவரிடமே கேட்டுப் பார்த்தாள். "மனித உதவிப் பதிவுகள் பயனாளியின் தேவை மதிப்பீட்டுக்காகப் பரிசீலிக்கப்படும்" என்றது துணை. வார்டனும் இதே பாஷையில்தான் பேசுவார்.

அன்று சாயங்காலம் லூர்துவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். "திரும்ப விடுதிக்கு, அதுவும் படுக்கைக் கூடத்துக்கே அனுப்பிருவாங்கடி. எனக்கு இந்தக் கதவ விட்டுப் போக முடியாது."

லூர்துவுக்குக் கதவு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஆனால் தமயந்தியின் குரல் நடுங்கினால் அவளால் தாங்க முடியாது. "ஆறு மாசத்துல பதினோரு நாள் போச்சு. மிச்சம் நூத்தி அறுவத்தொம்போது. தவக்காலம்னு நெனச்சுக்கிருவோம். நான் நாப்பது நாளே கறி மீனு இல்லாம இருந்தவதான? இருந்துருவேன்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் துணை வாசித்தது. இன்றைய மனித உதவி, பூஜ்யம். இருவரும் தத்தம் வீட்டில் தனித்தனியாகக் கை தட்டிக்கொண்டார்கள்.

தவக்காலத்துக்கு ஒரு முடிவு உண்டு, நடுவில் நோன்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. இவர்களும் ஞாயிறு நாலு மணிக்கு நடைக்கூடத்துக் கோடியில் இருந்த ஜன்னலடியில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு முழம் இடைவெளி விட்டுத்தான் உட்காருவார்கள். தப்பித்தவறிக் கை நீண்டுவிடக்கூடாது என்று மடியில் கோத்துவைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் போலத்தான் இருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், ஒத்தாசை இல்லாமல் பேச அவர்களுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷப் பேச்சில் பாதி "பாத்து" "பிடிச்சுக்கோ" "இந்தா" "தள்ளு" என்பதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழை வருமா, வரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்து ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. சொன்னால் பதிவு. தமயந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அதோடுதான் லூர்து அன்று கோயிலுக்கும் போய்விட்டு வந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"நான் கட்டிருக்கிற சேல என்ன நெறம்டி?" என்று இன்னொரு வாரம் லூர்து கேட்டுவிட்டாள். பழக்க தோஷம்.

தமயந்திக்கு நாக்கு நுனி வரை வந்தது. "துணைகிட்ட கேட்டுக்க" என்றாள்.

லூர்துவின் காதுக் கருவி உடனே சொல்லிவிட்டது. "இளஞ்சிவப்பாம்" என்றாள் லூர்து. சற்றுப் பொறுத்து, "சரியாத்தான் சொல்லுது" என்றாள். அதற்குப் பிறகு அவள் நிறம் கேட்கவில்லை.

தமயந்தியின் தலையை இப்போது கூரைக்கைகள் பின்னிவிட்டன. ஒரு முடி இழுபடாது, வலிக்காது, வகிடு நூல் பிடித்தமாதிரி இருக்கும். லூர்து பின்னினால் பேச்சு சுவாரசியத்தில் இழுத்துவிடுவாள், கண்ணில் நீர் வந்துவிடும், தமயந்தி திட்டுவாள். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. கூரையைத் திட்டிப் பார்த்தாள். "மன்னிக்கவும், அழுத்தத்தைக் குறைக்கிறேன்" என்றது. மத்தியானத்தில் வீடு அத்தனை அமைதியாக இருக்கும், குளிர்பெட்டி ஓடி நிற்கும் சத்தம் ஒரு ஆள் வந்துவிட்டுப் போனது போலக் கேட்கும். ஆசைப்பட்டது எல்லாம் கைக்குக் கிடைத்திருந்தது, தமயந்திக்கு மனசு மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. இன்னும் அறுபது நாள், இன்னும் நாற்பது நாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். வீடு உறுதியாகட்டும், அப்புறம் லூர்துவை மடியில் உட்காரவைத்தே தோசை ஊட்டலாம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

நூற்றி எழுபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஒன்பதே நாள். நாலு மணிக்குத் தமயந்தி கதவைத் திறந்து வாசலில் வந்து நின்றாள். லூர்து தன் வீட்டிலிருந்து வெளியே வந்து, கோலைத் தட்டிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். இருவருக்கும் நடுவில் நடைக்கூடத்துக் குழாய் ஒழுகி, தரையில் ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பளிங்குத் தரையில் தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. கண்ணுள்ளவர்களே உற்றுப் பார்த்தால்தான் உண்டு. லூர்துவின் காதுக் கருவிக்கு அது தெரியவில்லை. வழி காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கும்.

தமயந்தி பார்த்தாள். "நில்லு" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாய் திறந்துகூட விட்டது. நடைக்கூடச் சுவரிலும் துணை இருந்தது. நூற்றி அறுபது நாள் பூஜ்யம் இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையில் போய்விடும். அவள் மெதுவாகத்தான் நடக்கிறாள், கோல் தட்டுகிறாள், சமாளித்துக்கொள்வாள். இவ்வளவும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? லூர்து மூன்று எட்டு வைக்கும் நேரம்தான்.

கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் தமயந்தியின் வாசல் வரை கேட்டது.

"துணை! யாரையாச்சும் அனுப்பு! சீக்கிரம்!" என்று அப்போது கத்தினாள் தமயந்தி. இயந்திரத்தைக் கூப்பிட்டால் பதிவு இல்லை. தூக்கும் வண்டி எங்கிருந்தோ உருண்டு வந்துகொண்டிருந்தது. அதற்குள் தரையில் கிடந்த லூர்து கேட்டாள்.

"தமா. வாசல்லதான நிக்கிற?"

"நிக்கிறேன்டி."

"எப்ப வந்த?"

தமயந்தி தரையில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள்.

"உன் வண்டி இரையுற சத்தம் நான் வெளிய வந்தப்பவே கேட்டுச்சு" என்றாள் லூர்து. அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ நிக்கிறேன்னுதான் தைரியமா எட்டி வச்சேன்."

மூன்று நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு லூர்து திட்டத்திலிருந்து விலகுவதாகக் கைநாட்டு வைத்துவிட்டு, இன்னும் வீடு கிடைக்காதவர்களுக்காக நடந்துகொண்டிருந்த பழைய விடுதிக்கே திரும்பிவிட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. இடைப்பட்ட மூன்று நாளும் தமயந்தி அவள் கதவுக்கு வெளியே போய் நின்றாள். மூன்று நாளும் கதவு திறக்கவில்லை. இந்தக் கதவுகளை உள்ளே இருப்பவர்கள் சொன்னால்தான் திறக்க முடியும்.

நூற்றி எண்பத்தோராம் நாள் அதிகாரி வந்தார். நிலோஃபர் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். நல்ல மனுஷி. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கையிலிருந்த திரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே தமயந்தி. மனித உதவி பூஜ்யமா இருக்கு. நூத்தி அறுவது நாளுக்கு மேல இப்படி நான் பாத்ததே இல்ல."

"அப்ப வீடு எனக்குத்தாங்களா மேடம்?"

அதிகாரிக்கு விளங்கவில்லை. "வீடு மொத நாளே உங்களுக்குத்தானேம்மா. அத யாரு திருப்பிக் கேக்கப்போறா?"

"அப்ப இந்தப் பதிவு?"

"அது உங்களுக்கு எவ்வளவு ஆள் ஒத்தாசை குடுக்கணும்னு கணிக்கிறதுக்கும்மா. இயந்திரம் என்னதான் செஞ்சாலும் சில வேலைக்கு மனுசங்க வேணும்னு சிலருக்கு இருக்கும்ல? யாருக்கு எவ்வளவுனு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் ஆறு மாசம் பாக்குறது. பதிவு எவ்வளவோ அவ்வளவுக்கு ஆள் வரும். உங்களுக்குப் பூஜ்யம், அதனால..." அவர் தகட்டைக் காட்டினார். "யாரும் வேணாம்னு வந்துருச்சு."

தமயந்தி அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலோஃபர் விரலால் தள்ளித் தள்ளிப் பழைய பக்கங்களுக்குப் போனார். "இருங்க, இது என்ன? மொத பதினோரு நாள்ல உங்களுக்கும் நானூத்திப் பதினொண்ணாம் நம்பர் வீட்டுல இருந்த லூர்துமேரிக்கும் சேத்து இருநூத்தி ஆறு. இந்த மாவட்டத்துலயே இதுதான் அதிகம். இருவர் வீடு குடுக்கலாம்னு பரிந்துரைகூட வந்துருக்கு. ரெண்டு அறை, நடுவுல ஒரு கூடம். ஆள் தனித்தனி, ஆனா ஒண்ணா இருக்குறவங்களுக்கு." கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "பன்னெண்டாம் நாள்ல இருந்து சுத்தமா நின்னுபோச்சு. உங்களுக்குள்ள மனஸ்தாபம்னு குறிப்பு எழுதி மூடிட்டாங்கம்மா. சண்டையா?"

"இல்லைங்க" என்றாள் தமயந்தி. "சண்டையே போட்டது இல்லைங்க."

யாரைத் திட்டுவது? திருகாணியைக் கவ்விக்கொண்டு பேசியவரையா, தேன் தடவிய குரலையா, சிவப்பு நோட்டில் கோடு போட்ட வார்டனையா? நூற்றி அறுபது நாள் யாரும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. அவர்களே அடைத்துக்கொண்டார்கள். அவள் அழுததைப் பார்த்து அதிகாரி பதறிப்போய்த் தோளைத் தொட்டார். "மனித உதவி பதிவு செய்யப்பட்டது" என்றது சுவர்.

"வெலகிப் போனவங்க திரும்பி வர முடியுமா மேடம்?"

"ஆறு மாசத்துக்குள்ள வரலாம். ஆனா அவங்களா வரணும். நாங்க கூப்பிட முடியாது."

மறுநாள் மத்தியானம் தமயந்தி தனியாகப் பேருந்து ஏறினாள். பேருந்து தானாகத் தாழ்ந்து பலகை நீட்டியது, நாற்காலி தானாக ஏறியது. கையில் வெளியே போகும்போது கட்டிக்கொள்ளும் பட்டை, அதிலும் துணை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் தள்ளாமல், யாரையும் கெஞ்சாமல் ஊருக்குள் போகிறாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை நகர்ந்தது. இதை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்றுதான் அவளுக்கு அப்போதும் தோன்றியது. ஆனால் இதைப் பார் என்று சொல்ல, அதோ மலை, அதில் இன்று மேகம் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் பொய் கலந்து சொல்ல, பக்கத்தில் ஆள் இல்லை. வழி நெடுக லூர்துவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

விடுதியில் அது நடைபோகும் நேரம். முற்றத்தில் ஜோடி ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். லூர்துவைப் பார்த்ததும் தமயந்திக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. இடது கையாலும் வயிற்றாலும் முட்டுக்கொடுத்து ஒரு பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் ஏதோ கட்டிட வேலை. வழியில் செங்கல் சிதறிக் கிடந்தது. லூர்து நேரே அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"லூர்து, நில்லு!" என்று கத்தினாள் தமயந்தி. "செங்கல்லு! இடப்பக்கம் ஒதுங்கு!"

லூர்து சட்டென்று நின்றாள். நாற்காலியில் இருந்தவள் திடுக்கிட்டு விழித்தாள். "மனித உதவி பதிவு செய்யப்பட்டது" என்றது தமயந்தியின் கையில் இருந்த பட்டை. பழக்க தோஷத்தில் அவள் அதை இன்னொரு கையால் பொத்தினாள்.

லூர்து முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு?"

தமயந்திக்குத் தலை குனிந்தது. தலை குனிந்தது லூர்துவுக்குத் தெரியாது என்பதால் வாயாலும் சொல்ல வேண்டியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டி." பிறகு எல்லாம் கொட்டித் தீர்த்தாள். "அது செவப்பு நோட்டு இல்லடி. எவ்வளவு எழுதுதோ அவ்வளவு ஒத்தாசை குடுக்குறதுக்காம். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வீடே குடுக்குறதுக்கு இருந்தாங்களாம். நாமதான் வாயக் கட்டிக்கிட்டு இருந்து கெடுத்துட்டோம்."

லூர்து கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் விழுந்தது எதுக்காம்?"

வழியில் இதற்கு மட்டும் தமயந்தி ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பொய் சொல்லலாம். அவளிடம் அழகான பொய்கள் சொல்லிப் பழகியவள்தான். "எதுக்கும் இல்லடி" என்றாள். "சும்மா விழுந்த."

லூர்து குனிந்து நாற்காலியின் தடையைப் போட்டாள். "லூர்தக்கா, வெயில்ல விட்டுட்டுப் போறீங்களே!" என்று அந்தப் புதுப் பெண் கூப்பிட்டது காதில் விழாதவள் போல, காலால் செங்கல்லைத் துழாவி ஒதுங்கி, ஒவ்வோர் எட்டாக இந்தப் பக்கம் வந்தாள். தமயந்தி ஒவ்வோர் எட்டுக்கும் வழி சொன்னாள். பட்டை ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்தது. வந்தவள் நேரே பின்னால் போய், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் இடது கையை நீட்டினாள். வழுவழுப்பான பலகையில் கை மேலும் கீழும் அலைந்தது.

"பிடி எங்கடி?"

"இதுல பிடி இல்லடி. தள்ளுறதுக்கு ஆள் வேணாம்னு வைக்கல."

கை பலகையிலேயே நின்றது. தமயந்தி கழுத்தைத் திருப்பிப் பார்க்கப் பயந்து முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "தோள்ல வையேன்" என்றாள் கடைசியில். "நான் முன்னால போறேன், நீ பிடிச்சுக்கிட்டு வா. வாசல் வரைக்கும்தான். அதுக்கு மேல உன் இஷ்டம்."

தோளில் கை விழுந்தது. கட்டுக்குத் தப்பிய இடது கை, காய்ப்புக் காய்த்த உள்ளங்கை, இழுத்துத் தலை பின்னுகிற அந்தக் கை.

"மனித உதவி பதிவு செய்யப்பட்டது."

சூடு பட்டதைப் போல லூர்துவின் கை எழும்பியது. தமயந்தி எட்டி அதைப் பிடித்துத் தன் தோளிலேயே அழுத்தி வைத்தாள்.

"எடுக்காதடி" என்றாள். "எழுதட்டும்."

லூர்து கையை எடுக்கவில்லை.